அறுந்ததும் அறுத்ததும்

ஜூன் 9, திங்கள்

வார் அறுந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அறுந்தது என்பதற்கும் அறுத்தது என்பதற்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. அந்த ஓர் எழுத்தை நான் எளிதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன். இன்று காலை சரவணம்பட்டியில் ஓர் அடுக்ககத்தில் லிஃப்ட்டுக்கு மாதப் பராமரிப்பு. எங்கள் மெக்கானிக் நாச்சிமுத்து கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இரும்பு ஏணியில் இறங்கியிருக்கிறான். பாதி ஏணியில் வாரின் ஒரு முனை பையிலிருந்து பிய்ந்துவிட்டது. பை சரிந்தது. பிடிக்கப் போனவன் ஏணியை விட்டுவிட்டான். குழியின் அடியில் நிற்கும் சுருள்வில்லில் மோதி இடது தொடை எலும்பு முறிந்தது.

மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவன் கேட்ட முதல் கேள்வி: "சார், பையில இருந்த மீட்டர் ஒடஞ்சு போச்சுங்ளா?"

"உன்ற காலப் பாருடா மொதல்ல" என்றேன்.

"காலு இங்கதானுங் இருக்குது. மீட்டரக் காணமுங்."

நாளை அறுவைச் சிகிச்சை. மீண்டும் ஏணி ஏறுவானா என்று மருத்துவர் இப்போது சொல்ல மறுக்கிறார்.

பையை நானே குழியிலிருந்து எடுப்பித்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். அது நாச்சிமுத்துவுடைய பை அன்று. தேவசிகாமணி விட்டுச் சென்ற பை.

ஜூன் 10, செவ்வாய்

தேவசிகாமணி யார் என்று இந்த நாட்குறிப்பில் எழுத வேண்டிய நிலை வரும் என நினைத்ததில்லை. இந்த நிறுவனத்தை அவனும் நானும் சேர்ந்து தொடங்கினோம். நான் வேதியியலில் முதுகலை. ஒப்பந்தங்களும் அலுவலகமும் என் பொறுப்பு. அவன் ஐ.டி.ஐ.; லிஃப்ட் குழிகளும் ஆட்களும் அவன் பொறுப்பு. ஆட்கள் அவனை "அண்ணன்" என்பார்கள், என்னை "சார்" என்பார்கள். இருபது ஆண்டுகளில் இந்த விளிகள் ஒருமுறைகூட இடம் மாறியதில்லை.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள், அவன் தன் பெயரில் தனியே ஒரு நிறுவனம் பதிவு செய்திருப்பது எனக்கு வேறொருவர் வாயால் தெரியவந்தது. கேட்டேன். "சொல்லோணும்னுதான் இருந்தேன்" என்றான். அன்று மாலையே பட்டறையின் பூட்டை மாற்றினேன். எந்த நிர்வாகியும் அதைத்தான் செய்திருப்பான்.

தன் பையை நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிடும்படி சொல்லியனுப்பினான். பெருந்தன்மை என்று அப்போது பலரும் பாராட்டினார்கள். இப்போது அந்தப் பெருந்தன்மையைத்தான் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பை நல்ல பைதான். கனமான காக்கிக் கித்தான், இரட்டைத் தையல், அடியில் விறைப்புக்காக ஒரு ஒட்டுப்பலகை. வார் பையோடு சேருமிடத்தில் இரும்பு ரிவிட்டுகள். வலப்பக்க ரிவிட்டுகளின் தலைகள் பொடிந்திருக்கின்றன. சுற்றியுள்ள கித்தானை விரலால் அழுத்தினால் ஊறிய அப்பளம்போல் நெகிழ்கிறது. இடப்பக்கம் புதிதுபோல் உறுதியாக இருக்கிறது. முதுமையால் நைந்திருந்தால் இரு பக்கமும் நைந்திருக்க வேண்டும்.

நைந்த இடத்தின் கீழே, பலகையை ஒட்டி, உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் கறை.

ஜூன் 11, புதன்

கறை படிந்த நூலை, பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரில் ஊறவைத்து நீல லிட்மஸ் தாளைத் தொட்டேன். சிவந்தது. அமிலம்.

எங்கள் பட்டறையில் அமிலத்துக்குப் பஞ்சமில்லை. மின்சாரம் நின்றால் லிஃப்ட்டை அடுத்த தளத்துக்குக் கொண்டு சேர்க்கும் பேட்டரிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒரு சொட்டு போதும்; மெதுவாகத் தின்னும். போட்டவன் போட்ட இடத்தை விட்டு வெகுதூரம் சென்ற பிறகுதான் தெரியவரும்.

மற்ற ஆட்களின் பைகளையும் வரவழைத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும், வலப்பக்க அடி மூலையில், அதே மஞ்சள் கறை. சிலவற்றில் ரிவிட் இன்னும் தாங்குகிறது. சிலவற்றில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஒரே இடம். ஒரே நிறம். இது விபத்து அன்று. முறைப்படி செய்த வேலை. எல்லாப் பைகளையும் உபயோகத்திலிருந்து விலக்கிவிட்டேன். ஆட்கள் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

பட்டறைக் காவலாளி சென்னியப்பனைக் கூப்பிட்டு, என் அனுமதியின்றி யார் உள்ளே வந்தது என்று கேட்டேன். வாசலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான்.

"யாரும் வல்லீங் சார்."

"சென்னியப்பா."

"போன மாசம் அண்ணன் மட்டுந்தானுங் வந்தாரு. அவரு வெளியாளுங்களா சார்?"

"உள்ள எதுக்கு உட்டே?"

"ரெண்டு நிமிசம், பையெல்லாம் பாக்கோணும்னாருங். நம்ம அண்ணன் வந்து நிக்கறப்ப எப்பிடீங் வேண்டாங்கறது? ஒவ்வொரு பையா எடுத்து மடியில வெச்சு, அடிப்பலகையத் தூக்கி, கைய உட்டு என்னமோ எடுத்தாருங். எல்லாத்தையும் துண்டுல முடிஞ்சுக்கிட்டாரு."

"என்ன எடுத்தான்?"

"தெரியலீங். ஆனா மொகம் நல்லால்லீங். எழவு வீட்டுக்கு வந்தவராட்டப் போனாருங்."

குற்றம் செய்தவன் தடயத்தை எடுக்க வந்தால் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

கால வரிசையைச் சரிபார்த்தேன். சென்ற மாதம் அவன் எண்ணிலிருந்து எனக்குச் சில அழைப்புகள் வந்தன. எடுக்கவில்லை, பிறகு அந்த எண்ணைத் தடுத்துவிட்டேன். அதே வாரத்தில் நாச்சிமுத்து என் அறைக்கு வந்து, கதவருகிலேயே நின்றுகொண்டு, புதுப் பை வேண்டும் என்றான். எவரும் கேளாதபோது இவன் மட்டும் ஏன் கேட்கிறான் என்று யோசித்தேன். வெளியேறியவன் என் ஆட்களைத் தூண்டிவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்பது எனக்கு அப்போதே புலப்பட்டது. ஒப்பந்தங்கள் புதுப்பித்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினேன். அந்தச் சூழலில் அது சரியான முடிவு.

நோக்கமும் தெளிவாகிறது. எங்கள் ஆள் ஒருவன் விழுந்தால் எங்கள் பெயர் விழும். பெயர் விழுந்தால் ஒப்பந்தங்கள் யாரிடம் போகும்?

ஜூன் 13, வெள்ளி

காவல் நிலையம் சென்றேன். உதவி ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். "எழுத்துல குடுங்க சார். பேரு போட்டுக் குடுத்தீங்கன்னா ஆளக் கூட்டிட்டு வந்து விசாரிச்சுப்போடலாம். ஆனா ஒண்ணு, பேரு எழுதீட்டீங்கன்னா அப்பறம் அழிக்கறது செரமம்."

அழிக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆயினும் அறிவியல் பயின்றவன் அரைகுறைச் சான்றோடு எழுதமாட்டான். சில நாள் அவகாசம் கேட்டு வந்தேன்.

ஜூன் 14, சனி

ஆட்களுக்குப் புதிய பைகள் வேண்டும். உக்கடத்தில் தார்ப்பாயும் கித்தான் பையும் தைக்கும் ஹபீப் பாயின் கடைக்குப் போனேன். கடையில் தொங்கிய ஆயத்தப் பைகளைத் தோளில் ஏற்றிக் காட்டினார். பளபளப்பான பைகள், எண்ணற்ற அறைகள். கருவிப் பைக்கு அறைகள் மிகுவது ஆபத்து. ஸ்பேனர் எந்த அறையில் இருக்கிறது என்று இருட்டில் தேடுபவனின் மற்றொரு கை ஏணியில் இருக்கிறது என்பதைப் பை செய்பவர்கள் நினைப்பதே இல்லை.

என் நிபந்தனைகளைச் சொன்னேன். வார் பக்கவாட்டில் முடியக் கூடாது. பையின் வயிற்றைச் சுற்றி அடிவழியாக மறுபக்கம் ஏற வேண்டும். அப்போது தையல் விட்டாலும் பாரத்தை வாரே தாங்கும். ரிவிட் பித்தளையாக இருக்க வேண்டும். அடிக்கு ரப்பர் தாள். உள்ளே பலகை கூடாது; போட்டால் நான்கு பக்கமும் தைத்து மூடிவிட வேண்டும், எவனும் அதன் கீழே எதையும் வைக்க முடியாதபடி. தையல் நூல் பருத்தியாக இருக்கக் கூடாது, பாலியெஸ்டர்.

"பாலியெஸ்டரேதானுங் சார், சுத்தமானது" என்று ஒரு நூல் உருண்டையைக் காட்டினார். ஒரு முழம் வாங்கித் தீக்குச்சியால் கொளுத்தினேன். உருகி மணியாகத் திரளவில்லை. காகிதம் எரியும் நாற்றத்தோடு சாம்பலானது.

கடையில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் மிதியை நிறுத்திவிட்டார்கள். ஹபீப் பாய் மட்டும் சிரித்தார். "கொளுத்திப் பாத்துத்தான் வாங்குவேன்னு வாசல்லயே சொல்லியிருந்தா நல்ல உருண்டையவே எடுத்திருப்பேனுங்களே! வூட்ல சாம்பாரையும் இப்பிடித்தான் லேப்ல குடுத்துட்டு ஊத்திக்குவீங்களா?"

நல்ல உருண்டை உள்ளிருந்து வந்தது. அதையும் கொளுத்திப் பார்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஹபீப் பாய் மாதிரிப் பை ஒன்று அனுப்பினார். மணல் நிரப்பித் தொங்கவிட்டிருக்கிறேன். வேறு குறிப்பில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மருத்துவமனையில் அவனைப் பார்த்தேன்.

நாச்சிமுத்துவின் கட்டிலருகே உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். அவன் நாள்தோறும் வருகிறான் என்று செவிலியர் சொன்னார். நாள்தோறும் வருவதற்கு ஒருவனுக்குக் காரணம் இருக்க வேண்டும். தாழ்வாரத்துக்கு அழைத்தேன். தோலோடும் சுளையோடும் எழுந்து வந்தான்.

"என்ன வேலு, போலீசுக்கெல்லாம் போனயாமா?"

குழந்தைவேலு என்ற என் பெயரின் பிற்பாதியை உபயோகிக்கும் உரிமையை அவன் இன்னும் விடவில்லை.

"போன மாசம் பட்டறைக்கு வந்து பையில இருந்து என்ன எடுத்தே?"

"என்றதத்தான் எடுத்தேன்."

"உன்றது எதுவும் அங்க கெடையாது. எல்லாம் பேசித் தீத்தாச்சு."

"பேச்சுல வராதது கொஞ்சம் கெடந்துச்சு."

"என்னது அது?"

சுளையிலிருந்து ஒரு நாரை உரித்தான். "சொன்னா நீ சிரிப்பே. உன்ற சிரிப்ப இருவது வருசமாப் பாத்தாச்சு. போ, போயிப் புகாரு எழுது."

"எழுதத்தான் போறேன்."

"எழுது. எழுத்து உனக்கு நல்லா வரும்." கையிலிருந்த சுளையை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. அவனே தின்றுவிட்டு உள்ளே போனான்.

அலுவலகத்துக்குத் திரும்பி மனுவுக்குத் தாள் எடுத்து வைத்தேன்.

ஜூன் 18, புதன்

இரவு உணவின்போது வனிதாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவிக்குத் தேவசிகாமணிமீது எப்போதும் ஒரு சாய்வு உண்டு.

"அவரு அமிலம் ஊத்துனாருன்னே வெச்சுக்குவோம். தன்ற பையில எதுக்குங்க ஊத்தோணும்? அது தன்ற ஆளு நாச்சிமுத்துக்குக் குடுத்த பையாச்சுங்களே?"

"சந்தேகம் வராம இருக்கறதுக்கு."

"வந்துருச்சுங்களே."

"அதனாலதான் சொல்றேன், அவன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லைன்னு."

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு குத்தவாளின்னு ஆயிருச்சுன்னா உங்களுக்குத் தூக்கம் வந்துருமுங்களா?"

ரசம் ஆறிவிட்டது என்றேன். சுடவைக்கப் போனாள்.

ஜூன் 20, வெள்ளி

சரவணம்பட்டி அடுக்ககத்தின் செயலாளர் தொலைபேசியில் பேசினார். விபத்துக்குப் பிறகு குடியிருப்போர் அஞ்சுகிறார்களாம். பராமரிப்பைத் தேவசிகாமணியிடம் கொடுக்க முடிவெடுத்து அவனை அணுகினார்களாம். அவன் மறுத்துவிட்டான். "அவங்க ஆளு ஆஸ்பத்திரியில படுத்துருக்கான், இப்ப வந்து என்னையக் கேக்கறீங்களே" என்று செயலாளரையே கடிந்துகொண்டானாம்.

இதை இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். நான் கொண்ட பொருள்: விசாரணை வரும் என்று தெரிந்தவன் இப்படித்தான் மறுப்பான்.

ஒரு குறிப்புக்காக, மற்றொரு பொருளும் இருக்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

ஜூன் 21, சனி

காலையில் புகார் மனுவை எழுதி முடித்தேன். மொழி செப்பமாக வந்தது. "மேற்படி நபர், அமிலத்தைக் கொண்டு, திட்டமிட்டு, வாரை அறுத்தார்" என்ற வாக்கியத்தில் ஒரு சொல்கூட மிகையில்லை.

ஒரே ஒரு குறை. சேதமடைந்த பைகளைக் காட்டுகிறேன். சேதமடையாத பை எங்கே? அதே கித்தான், அதே ரிவிட், அதே தையலில், அவன் கைபடாத ஒன்று ஒப்பீட்டுக்கு வேண்டும். பரிசோதனையின் முதல் விதி அது.

அப்படி ஒன்று இருந்தது. என் பை. ஆரம்ப ஆண்டுகளில் நானும் குழியில் இறங்கியவன்தான். எல்லாப் பைகளும் மாற்றப்படும்போதெல்லாம் எனக்கும் ஒன்று தைக்கச் சொல்லிவிடுவான் தேவசிகாமணி. ஆயுத பூஜையன்று மற்றவற்றோடு அதையும் பட்டறையில் வரிசையில் வைப்பான். பூஜை முடிந்து சில நாள் கழித்து அது என் அறை அலமாரிக்குத் திரும்பிவிடும். நான் திறப்பதில்லை. அலமாரிச் சாவி என்னிடம் மட்டுமே உண்டு. சென்ற மாதம் அவன் பட்டறைக்கு வந்தபோது எட்ட முடியாத ஒரே பை இதுதான்.

மேசையில் வைத்துக் கவிழ்த்தேன். திருப்புளிகள், டெஸ்டர், நான் மறந்தே போன ஒரு குறடு. அடிப்பலகையைத் தூக்கினேன்.

வலப்பக்க மூலையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று.

துணி பையோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. கத்தியால் பெயர்த்தேன். உள்ளே கறுத்துச் சுருங்கிய ஓர் எலுமிச்சம்பழம். குங்குமம் தடவியது. சாறு கசிந்த பக்கத்தில் குங்குமம் மஞ்சளாக வெளுத்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த குங்குமம் அமிலம் பட்டால் மீண்டும் மஞ்சளாகும் என்பதைக் கல்லூரி முதலாண்டு மாணவனும் அறிவான். பழம் கிடந்த இடத்துக்கு நேர்மேலே ரிவிட் சொத்தைப் பல்போல் அரித்திருந்தது. கித்தானை விரலால் அழுத்தினேன். நெகிழ்ந்தது.

லிட்மஸ் தாள் தேவைப்படவில்லை. ஆயினும் வைத்துப் பார்த்தேன். சிவந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு விதி எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன்: பூஜைச் சந்தனம், குங்குமம் பைக்கு வெளியே மட்டும், எலுமிச்சம்பழம் பைக்குள் கூடவே கூடாது, சிட்ரிக் அமிலம் இரும்பைத் தின்னும். ஒட்டியபோது சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னதாகவும் நினைவு. கீழே நின்று வாசித்தவன் தேவசிகாமணி. "சரிப்பா" என்றான்.

அவன் கைதான். நான் சந்தேகித்தது முற்றிலும் சரி. அமிலத்தை வைத்தவன் அவனேதான், என் பை உட்பட எல்லாவற்றிலும்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூன் 23, திங்கள்

நாச்சிமுத்து சுவரில் சாய்ந்து உட்காரத் தொடங்கிவிட்டான். சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"பைக்கு அடியில எலுமிச்சம்பழம் இருந்தது உனக்குத் தெரியுமா?"

"எல்லாத்துக்கும் தெரியுமுங் சார். உங்களுக்குத்தானுங் தெரியாது."

"ஏன் எடுத்து வீசலை?"

நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதுபோல் பார்த்தான். "சாமி பழமுங். கால் படற எடத்துல வீச முடியுங்ளா? நாங்கொ தொட மாட்டமுங். அண்ணன்தான் வெப்பாரு, அண்ணன்தான் எடுப்பாரு. பூச முடிஞ்சு வர்ற வெள்ளிக்கெழம அத்தனையும் துண்டுல முடிஞ்சுட்டுப் பேரூர் ஆத்துல கொண்டுபோய் உட்டுருவாருங். வருசா வருசம் அப்பிடித்தானுங். குழிக்குள்ள எறங்கறவனுக்குக் காவல்னு சொல்லுவாரு. போன வருசந்தான்…"

நிறுத்திக்கொண்டான்.

"போன வருசம் என்ன?"

"பட்டறப் பூட்டு மாறிப்போச்சுங்களே சார்."

எதிர்க்கட்டில்காரரின் ரேடியோவில் ஏதோ விளம்பரம் ஓடியது. அது முடிந்ததும் நாச்சிமுத்துவே தொடர்ந்தான்.

"அப்பறம் ஒரு நா டீக்கடையில பாத்தப்ப, பை அடியில ஒரு மாதிரி நாத்தம் வருதுண்ணான்னு நாந்தானுங் சொன்னேன். சொன்னதுமே அண்ணன் டீய அப்பிடியே வெச்சுட்டாருங். வந்து பாத்துட்டு, வாரு நைஞ்சு போயிருச்சு, நாளைக்கே போயி சாரக் கேளு, புதுப் பை வர்ற வரைக்கும் சாக்குல கட்டிக்கிட்டுப் போன்னாருங்."

"நீ ஏன் சாக்குல கட்டிக்கிட்டுப் போகலை?"

"நீங்கதானுங் சார், அந்தப் பைக்கு என்னடா கேடு, நல்லாத்தான இருக்குதுன்னீங்க."

அப்படிச் சொன்னது உண்மைதான். மருத்துவர் அவனிடம் சில மாதங்களில் ஏணி ஏறலாம் என்று சொல்லியிருப்பதைப் பற்றிப் பேச்சைத் திருப்பினேன். உடைந்த மீட்டருக்குப் பதில் புதியது வாங்கிவிட்டதாகவும் சொன்னேன். அதற்கு அவன் மிகவும் மகிழ்ந்தான்.

ஜூன் 24, செவ்வாய்

புகார் மனு காவல் நிலையத்துக்குப் போகவில்லை. சான்று போதாது.

விபத்து அறிக்கை ஒன்று கொடுத்தாக வேண்டும், கொடுத்தேன். மனுவின் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அங்கே எடுத்துக்கொண்டேன். முற்பாதியை நீக்கினேன். வேற்றுமையையும் விகுதியையும் மாற்றி, அந்த ஓர் எழுத்தையும் திருத்தினேன். எஞ்சியது இரண்டே சொற்கள்: "வார் அறுந்தது."

அவன் எண்ணின் தடையை நீக்கினேன். அழைக்கவில்லை. அவனும் அழைக்கவில்லை. அவன் செய்தது குற்றமில்லை என்று ஆகிவிடாது: எனக்குத் தெரியாமல் நிறுவனம் பதிவு செய்தான், எனக்குத் தெரியாமல் என் விதியை ஆண்டாண்டாக மீறினான். இவை இரண்டையும் நான் மறக்கவில்லை. கடைசியாக வைத்தபோது தனியே போவதென்று அவன் முடிவெடுத்துவிட்டிருந்தான். போகிறவன் எதற்காக என் பையிலும் ஒன்று வைத்தான் என்பது எனக்கு விளங்கவில்லை. அதையும் மறக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

உக்கடம் சென்றேன். தைத்தது போக எஞ்சிய பைகளில் ஒரு மாற்றம் வேண்டும் என்றேன். வெளிப்புறம், வாரிலிருந்து எட்டத் தள்ளி, கைப்பிடி அளவில் ஒரு சிறு அறை. உள்ளே முழுவதும் ரெக்சின் ஒட்ட வேண்டும்; ரிவிட் ஒன்றுகூட அருகில் வரக் கூடாது; அடியில் காற்றுப் போக ஒரு துளை. தைத்து முடித்தவற்றிலும் சேர்க்க வேண்டும்.

"அற கூடாதுன்னு அன்னைக்கு அவ்ளோ நேரம் எனக்குப் பாடம் எடுத்தீங்களே சார்? இதுல என்னங் வெப்பாங்க?"

"எதாவது வெப்பாங்க."

"எதாவதுன்னா, வெத்தல பாக்குங்ளா?"

"தைச்சுக் குடுங்க பாய்."

"குடுத்தர்றேனுங். நூல இப்பவே கொளுத்தீருங்க, அப்பறம் தைக்கறேன்."

கொளுத்தவில்லை. அவசரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 12, சனி

பைகள் வந்தன. ஆட்களை நிறுத்தி வைத்துப் பராமரிப்பு முறையைச் சொன்னேன். சனிதோறும் முழுவதும் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். ஈரக் கருவியை உள்ளே வைக்கக் கூடாது. நனைந்தால் வாய் திறந்து நிழலில் உலர்த்த வேண்டும். தையலை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். வாரில் சந்தேகம் வந்தால் அன்றே என்னிடம் வர வேண்டும். கதவருகில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

கடைசி விதியைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளி அறை எதற்கு என்று எவனும் கேட்கவில்லை. ஊன்றுகோலோடு வந்திருந்த நாச்சிமுத்து மட்டும் அதற்குள் விரலை விட்டு, ரெக்சினைத் தடவிப் பார்த்து, என்னைப் பார்த்து, உடனே கூரையைப் பார்த்தான்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பட்டறையைக் கழுவி மாலை சாத்தியாகிவிட்டது. பைகள் வரிசையில். என் புதிய பையையும் அலமாரியிலிருந்து நானே எடுத்துவந்து வரிசையின் கடைசியில் வைத்தேன். பொரி, சுண்டல், வாழைக்கன்று எல்லாம் வழக்கம்போல். கற்பூரம் காட்டும் வேலையை நாச்சிமுத்துவிடம் கொடுத்தோம்.

சுவரில் இருந்த என் பழைய விதியைத் திருத்தி ஒட்டியிருக்கிறேன். பைக்குள் எலுமிச்சம்பழம் கூடாது என்பது அப்படியே இருக்கிறது. அறிவியல் மாறாது. "உள் அறைகளில்" என்று மட்டும் சேர்த்திருக்கிறேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு சென்னியப்பன் பூட்டோடு வந்து நின்றான்.

"பூட்டீரட்டுங்ளா சார்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பூட்ட வேண்டாம்."

"வெள்ளிக்கெழம வரைக்குமுங்ளா? யாராவது வந்தா?"

"வந்தா உள்ள உடு."

"யாரு வந்தாலுமுங்ளா?"

வரிசையின் கடைசியில் இருந்த என் பையின் வாரை நேராக்கி வைத்தேன். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. பூட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏதோ மெட்டை முணுமுணுத்தபடி போனான்.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் பட்டறைக்குள் நுழைந்தபோது எலுமிச்சை மணம் இருந்தது. விசாரிக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

வாராந்தரச் சோதனை. எல்லாப் பைகளையும் கவிழ்த்தேன். ரிவிட்டுகள் சுத்தம். தையல் உறுதி. வார்கள் உறுதி.

வெளி அறைகள் யாவும் காலியாக இருந்தன. ரெக்சினில் சற்றே ஈரமும் குங்குமப் பொட்டும். ஒவ்வொன்றாகத் துடைத்து, வாயைத் திறந்து, நிழலில் உலர வைத்தேன். என்னுடையதையும்.